கடைசி முட்டை

அடையாறு கல்லூரியின் ஆட்டோமேஷன் ஆய்வகத்தில், பிற்பகல் வெயில் இயந்திரக் கையின் மீது விழுந்து மின்னுகிறது. ஜஹீதாவும் ஜெயராமும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகச் செய்த கை அது. நாளை தேர்வாளர் வருகிறார். காலையிலிருந்து பிடித்த முட்டையையெல்லாம் அது நொறுக்கிவிட்டது. மிஞ்சியது ஒன்றுதான். விரல்களை இயக்கும் காற்றழுத்தத்தை இன்னும் குறைத்துவிட்டு ஜஹீதா பொத்தானை அழுத்துகிறாள். உஸ்ஸென்று காற்று சீற, இரும்பு விரல்கள் முட்டையை மெல்லப் பற்றித் தூக்கித் திரும்புகின்றன. கீழே இருந்த தட்டை நகர்த்திவிட்டு அவள் தன் உள்ளங்கையை நீட்டுகிறாள். "ஏய், இன்னா பண்றே? கைய எடு!" என்று ஜெயராம் பதறுகிறான். அவள் எடுக்கவில்லை. ஒரு கீறலும் இல்லாமல் முட்டை அவள் கையில் வந்து அமர்கிறது. விரல்களை விரித்தபடி இயந்திரம் தன் இடத்துக்குப் போய்க் காத்து நிற்கிறது. "இன்னொண்ணு கேக்குது, ஜஹீ," என்கிறான் ஜெயராம்.