பத்து மீட்டர் கோடு

“என்னைப் பார்த்ததும் எதுக்குண்ணா ஸ்கிரீனை மாத்துற?”

“ஒண்ணுமில்லடா, கடை வேலை.”

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். இப்போதும் சிவந்திருந்தது. விளம்பரப் பலகைக் கடையில் டிசைனராக இருப்பவன் வீட்டிலும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொள்வது புதிதில்லை. ஆனால் தம்பியின் கண்ணில் பட்டது விளம்பரப் பலகை அல்ல, இந்த வீட்டின் வரைபடம். அதன் நடுவே ஒரு சிவப்புக் கோடு.

தம்பி நிலம் அளக்கும் சர்வேயர். பங்காளிச் சண்டைகளுக்கு நடுவே நின்று அளவு நாடா பிடிக்கிறவன். வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அது எல்லைதான், அவனுக்கு வேறு அர்த்தமே கிடையாது. அப்பா நாளைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வீட்டுக்கு வருகிறார். அதற்குள் வீட்டைக் கூறு போடுகிறானா இவன்?

நேரே சமையலறைக்குப் போனான்.

“அண்ணி, அண்ணன் என்ன வரையுறான்?”

“எனக்கென்ன தெரியும் தம்பி?”

முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள் அண்ணி. சரிதான், புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு.

சாயங்காலம் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். தம்பி ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

“பத்து மீட்டருக்கு மேல ஒரு அடிகூட தர முடியாதா சார்? ம்... புரியுது. அப்ப நாளைக்குக் காலைலயே வந்து வச்சிடுங்க. தம்பிகிட்ட நான் பக்குவமா பேசிக்கறேன்.”

எல்லைக்கல் நடவே ஆள் சொல்லிவிட்டான்! இனி என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? தம்பி உள்ளே ஓடி கம்ப்யூட்டரை உசுப்பினான்.

கோடு அண்ணனின் பின்பக்க அறையில் தொடங்கி, கூடத்தில் வளைந்து கிடந்தது. மவுஸால் நுனியைப் பிடித்து இழுத்தான். வளைவு மாறியதே தவிர, மூலையில் தெரிந்த நீளம் பத்து மீட்டரிலேயே நின்றது. எவ்வளவு இழுத்தாலும் அதற்கு மேல் நீளவில்லை. அடுத்த பக்கத்தில் அதே வீடு, அதே நீளம். ஆனால் அங்கே கோடு தொடங்கியது தம்பியின் முன்பக்க அறையில்! வளைந்து வளைந்து போய் வாசலில் முடிந்தது.

அடுத்த மாதம் கல்யாணம். புது மனைவிக்காக அவனே பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்த அறை அது.

“என்னடா பண்ற?” பின்னால் அண்ணனின் குரல்.

“நீ பண்றதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். என் ரூமோட சேர்த்து முன்பக்கம் மொத்தமும் உனக்கு. நான் பின்னாடி போய்க் கிடக்கணுமா?”

“டேய், என்ன உளர்ற?”

“வளைச்சு வளைச்சு எல்லை போட்ட மொத ஆளு நீதாண்ணா! பாகம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாம்ல? நாளைக்கு அப்பா வரட்டும். அவர் கண்ணு முன்னாடியே பிரிச்சுக்கலாம்.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“சொல்லிடுங்க. நாளைக்கு மாமா வந்ததும் எப்படியும் தெரிஞ்சிடப்போகுது.”

அண்ணன் தலை குனிந்துகொண்டான்.

“அப்பாவுக்குக் குணமாகலடா. உன் கல்யாணம் முடியற வரைக்கும் சொல்லாதேன்னு அவர்தான் சத்தியம் வாங்கிக்கிட்டார். கடைசி வரைக்கும் மூக்குல ஆக்ஸிஜன் குழாயோடதான் இருக்கணுமாம். குழாய் பத்து மீட்டர்தான், அதுக்கு மேல நீட்டினா காத்து சரியா வராதாம். ‘என் மருமகளை நானே வாசல்ல நின்னு உள்ள கூப்பிடணும்டா’ன்னு கேட்டார். அவர் படுக்கிற ரூம்லதான் ஆக்ஸிஜன் மெஷினை வைக்கணும். எங்க ரூம்ல வச்சு, குழாயை எப்படியெல்லாமோ வளைச்சுப் பார்த்துட்டேன், கூடத்தோட நின்னுடுது. உன் ரூம்ல வச்சாத்தான்டா வாசலுக்கு எட்டுது... புதுமாப்பிள்ளைகிட்ட அதை எந்த வாயால கேப்பேன்?”