ஒத்த வார்த்தை

"ஆக்ஸிலேட்டர முறுக்கும் வே! கரை உடைஞ்சா நம்ம பிச்சிப்பூத் தோட்டம் அம்புட்டும் தண்ணிக்குள்ளதான்."

கொட்டுகிற மழையில், பைக்கின் பின்னால் இருந்து கோமதிசங்கர் கத்தினான். ஓட்டியவர் பக்கத்துத் தோட்டத்து வீரபாண்டி.

குளத்துக் கரை கசிகிற படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்து ஒன்றரை மணி நேரம். அடைக்க ஜேசிபி வேண்டும். அது இசக்கித்துரையிடம்தான் இருந்தது. ஆளும் வண்டியும் சங்கரன்கோவிலில்.

அவரிடம் குழுவில் உதவி கேட்ட இடத்தில்தான் வம்பு. 'உம்ம ஜேசிபி இல்லாட்டா குளம் நிக்காதோ வே?' என்று விளையாட்டாய்த் தட்டிவிட்டான் கோமதிசங்கர். அது குத்தலாகி, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, சண்டை முற்றிவிட்டது.

"கடைசியில என்னதான் சொன்னாரு?"

"ஒத்த வார்த்தையில விடைபெத்துக்கிட்டாரு. கூடவே ஒரு கும்பிடு. பொறவு போனையே எடுக்கல."

"நேர்ல சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. உம்ம இளிப்பு போன்ல எங்கன தெரியுது?"

"அதான் நேர்லயே போறோம்லா. கால்ல விழுந்தாவது கூட்டியாரணும்."

"கரையில ஆளு நிக்காவளா?"

"குழுவுல நூத்திப் பதினாறு பேரு இருக்காவ."

"கிழிஞ்சுது."

சங்கரன்கோவிலில் ஜேசிபி நிற்கும் இடம் காலி. சேற்றில் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது.

"அப்பவே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரே" என்றார் எதிர் டீக்கடைக்காரர்.

கோமதிசங்கர் போனை எடுத்தான். 'வேற வேலைக்குப் போயிட்டான், துரோகி' என்று குழுவில் தட்டினான். மறு நிமிஷம் முப்பது பேர் கொதித்தார்கள். நூறு பதில் வந்தது.

பைக் குளத்துக்குத் திரும்பிப் பறந்தது. கரை இந்நேரம் போயிருக்கும்.

போகவில்லை. கடைசி வளைவில் இன்ஜின் இரைச்சல் கேட்டது. தலை முதல் கால் வரை சேறாக, தன்னந்தனியாக, இசக்கித்துரை மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். கசிவு முக்கால்வாசி அடைபட்டிருந்தது. கரையில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

இவர்களைக் கண்டதும் இன்ஜினை அணைத்தார்.

"முக்கா மணி நேரமா ஒத்தையில மல்லுக்கட்டுதேன். ஒரு மணல் மூட்டை எடுத்துப் போட நாதி இல்ல. ஊரே செத்துப் போச்சா வே?"

கோமதிசங்கர் பைக்கிலிருந்து இறங்கினான். "நீரு... விடைபெத்துட்டுப் போயிட்டீருன்னுல்லா நெனச்சோம்."

"விடையா?" இசக்கித்துரை விழித்தார். "நான் 'வாரேன்'னுதானே வே போட்டேன்?"