தானாக அடிக்கும் மணி

இறால் குளிர்கிடங்கில் கரண்ட் போனால் வீட்டு டெலிபோன் தானாக அடிக்கும்படி ஒரு கருவியை மாட்டினார் கஸ்பார். அன்றே வாட்ச்மேனையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. மாடியேறிப் பார்த்தார். தூரத்தில் கிடங்கு விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன.

"கரண்ட் இருக்கு. சனியன், சும்மா கெடந்து அடிக்கு!"

விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எரிச்சலில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார்.

"மத்தியானம் போன மவன இன்னும் காணலியே," என்றாள் மனைவி பிளாரன்ஸ்.

"எங்கயாவது ஊர் சுத்திட்டு இருப்பான்."

காலையில் மெக்கானிக்கைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். வெளியே தாழ் விழுந்திருந்த கதவைத் திறந்து, சுவரோடு போன வயரைப் பார்த்தான் மெக்கானிக்.

"கருவி நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. உள்ள இருந்து யாரோ வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டியிருக்காவ."

வயரின் மறுமுனை, பெட்டிகளுக்கு நடுவே விறைத்துக் கிடந்த மகனின் கையில் இருந்தது.