கடல்பாசி

பாரூக் பானையைச் சாய்த்து, சூப்பை சிங்க்கில் ஊற்றினான். சத்தம் வராமல், மெதுவாக.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. ஹபீஸா எழுந்து வருவதற்குள் இது போய்விட வேண்டும்.

பானை இன்னும் சுட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் எதிர் வீட்டுக் கொரியப் பெண்மணி, மிஸஸ் சோய், கைப்பிடிகளில் துணி சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். தாய்க்கு என்றார் ஆங்கிலத்தில். மீன்தான் போட்டிருக்கிறேன், இறைச்சி இல்லை என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். அவன் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

பாரூக் வழி விடவில்லை. நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினான்.

மூடியைத் திறந்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது.

கடல்பாசி. நோன்பு திறக்கும்போது பால் விட்டுக் காய்ச்சி, துண்டு போட்டு வைப்பார்களே, அது இல்லை. இது கரும்பச்சையாக, இலை இலையாக, நல்லெண்ணெய் வாசனையோடு மிதந்தது.

அவன் ஆபீஸில் ஒரு கொரியன் இருக்கிறான். பிறந்தநாளன்று எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு, தன் மேஜைக்குப் போய் ஃபிளாஸ்க்கைத் திறந்து இதைத்தான் குடிப்பான். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் நாட்டில் வாரக்கணக்கில் இதுதான் சாப்பாடு, அவளை நினைத்துத்தான் பிறந்தநாளில் நாங்களும் குடிக்கிறோம் என்று ஒருமுறை சொன்னான்.

பிள்ளை பெற்றவளுக்கு.

பாவம், மிஸஸ் சோய்க்கு விஷயம் தெரியவில்லை. ஹபீஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியதைப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதைப் பார்த்திருப்பார். திரும்பி வந்தபோது காரின் பின்னால் குழந்தை சீட் காலியாக இருந்ததை எங்கே பார்த்திருக்கப் போகிறார்.

மூச்சில்லாமல் பிறந்த பெண் பிள்ளை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். சுமந்து போக அவனுடைய இரண்டு கைகளே போதுமாக இருந்தன.

அன்றிலிருந்து ஹபீஸா எதையும் வாயில் வைக்கவில்லை. தண்ணீர், எப்போதாவது ஒரு பிஸ்கட்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஐஸ் மிதக்கும் தண்ணீரும் குளிர்ந்த சீஸ் சாண்ட்விச்சும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவன் ஆபீஸ்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, லசான்யா தட்டுகளை வாசலில் வைத்துவிட்டு, பெல் அடிக்காமல் மெசேஜ் மட்டும் அனுப்பிவிட்டுப் போனார்கள். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது அவர்களுடைய மரியாதை. ஃப்ரிட்ஜில் இடமில்லை.

பள்ளிவாசல் நண்பர்கள் பிரியாணி கொண்டுவந்தார்கள். அடுத்தது நல்லபடியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ் என்றார்கள். ஊரில் ஹபீஸாவின் அம்மா பிரசவ லேகியம் கிண்டி, பெட்டியில் வைத்துத் தயாராக இருந்தார். அதை எடுத்துவிட்டார். "இனிமே அது எதுக்கு மாப்புள்ள," என்றார் போனில்.

யாரும் பிரசவம் என்று சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து ரெஸ்ட்டில் இருக்கிறாள் என்று சொல்ல பாரூக்கும் பழகிவிட்டான்.

இப்போது இந்தச் சூப்பைப் பார்த்து, இது என்ன என்று அவள் கேட்டால்?

கடைசிக் கொத்துப் பாசி சிங்க் ஓட்டையில் சிக்கிக்கொண்டது. விரலால் தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்தான்.

பின்னால் அரவம் கேட்டது.

ஹபீஸா நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் தானாக அறையைவிட்டு வெளியே வந்ததை அவன் பார்த்ததில்லை.

"சோய் ஆண்ட்டி வந்தாங்கல்ல?"

பானையை உடம்பால் மறைத்துக்கொண்டான். "அவங்களுக்கு விஷயம் தெரியாது ஹபீ. அதான்..."

"தெரியும். நேத்து நீங்க ஃபார்மஸி போயிருந்தப்ப வந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன். பிள்ளை பெத்தியா இல்லையான்னு கேட்டாங்க. பெத்தேன்னேன். அப்ப உனக்கு சூப் உண்டுன்னுட்டுப் போனாங்க."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

வரும் வழியில் டைனிங் டேபிளிலிருந்து ஒரு கிண்ணமும் ஸ்பூனும் எடுத்து வந்திருந்தாள்.