எம்மா கறந்த குதிரைப்பால்

"கட்டுரைக்கு மேல என் பேரைப் போடுங்க, உர்மத் அண்ணே." பேர் கேட்கவே கூடாது என்று இந்த இணையதளத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஐசிரேக்கிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். பிஷ்கெக் நகரின் ஜூன் வெயிலோடு பாப்லர் மரத்துப் பஞ்சும் ஜன்னல் வழியே மிதந்து வந்து விசைப்பலகைகளின் மேல் படிகிறது. திரையில், கோடை மேய்ச்சல் மலையில் குதிரைப்பால் கறப்பதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை; அதற்கு மேல், எழுதியவள் என்று எம்மா, நிஜத்தில் இல்லாதவள், கணினி வரைந்த முகத்தோடு சிரிக்கிறாள்; மலைகளிலேயே வாழ்ந்தவளாம். "பட்டுத் தெரிஞ்சவங்க எழுதினாத்தான் தேடுபொறி இனிமே மேல தூக்கி வைக்குமாம். அதான் எம்மா," என்கிறார் தளத்தின் ஆசிரியர் உர்மத். "மலையில கறந்தவ நான்தானே? குட்டியை முதல்ல ஊட்ட விடணும்னு அவளுக்குத் தெரியுமா?" பக்கத்து மேசை பெகாயிம் தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரிக்கிறாள்: "எம்மா குதிரை பக்கத்துல போனா உதைதான் கிடைக்கும்." உர்மத் சிரிக்கவில்லை. "நாளைக்கு எந்திரமே எல்லாத்தையும் எழுதிடும். அப்ப நீயே வேணாம். இதுல பேர் ஒரு கேடா?" ஐசிரேக்தான் வீட்டில் முதல் பட்டதாரி. மகள் எழுதுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லும் அப்பாவுக்குக் காட்ட அவள் பேரோடு ஒரு வரிகூட இல்லை. பேர் இல்லையென்றால் இந்த நாற்காலியும் வேண்டாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்தாயிற்று. கணினியை அணைத்துவிட்டு எழுகிறாள். "நல்லதாப் போச்சு. அடுத்த கட்டுரையை எம்மாவையே கேளுங்க," என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டு, பஞ்சு பறக்கும் தெருவுக்குள் இறங்கி நடக்கிறாள்.