ஃபேனுக்குள் குடித்தனம்

மண்டி மொஹல்லாவின் அந்த ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததுமே முகத்தைச் சுளித்தேன். எங்கே பார்த்தாலும் தூசி. நாற்காலியைக் கைக்குட்டையால் இருமுறை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"காகிதம் மாதிரி மெலிசு, எவ்வளவு பெரிய வேலையும் செய்யும்னு சொல்லி வித்தானுங்க. இப்போ தொட்டா சுடுது, ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது. சே!" என்று லேப்டாப்பை நீட்டினேன்.

"மெலிசா இருந்தா காத்து போக எடம் கம்மி சார். அடைச்சுக்கிச்சுன்னா கத்தத்தான் செய்யும்," என்றாள் கடைக்காரி சில்வியா. "டீ சொல்லட்டுமா?"

"வேணாம்மா. வெளியே நான் எதையும் வாயில வைக்கிறதில்லை. அந்த அடுப்படிங்க லட்சணம் எனக்குத் தெரியும்."

அவள் அடிமூடியைக் கழற்றினாள். வேலை பார்த்துக்கொண்டே நான் கொறித்த நிப்பட்டுத் தட்டையின் துணுக்குகள் கொட்டின. பின்னாலேயே பழுப்பாக ஏதோ ஓடியது.

"ஷீ, ஜிரளே!" என்று கன்னடத்தில் அலறினேன்.

ஃபேனைச் சுற்றிக் கரப்பான் பூச்சிகள், குஞ்சுகள், முட்டைகள்.

"கதகதப்பா இருக்குன்னு குடும்பமே நடத்துது சார்."

"உன் கடையிலேருந்து ஏறியிருக்கும்!" என்றேன்.

சில்வியா எல்லாவற்றையும் ஒரு தட்டில் தட்டிவிட்டு, துடைத்து, மூடினாள். நான் பாஸ்வேர்டு போட்டேன். ஃபேன் இப்போது கத்தவில்லை. காலையில் நான் பாதியில் விட்ட அறிக்கை திரையில் வந்து நின்றது.

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"உணவுப் பாதுகாப்பு அலுவலரின் ஆய்வு. ஓட்டல் சமையலறையில் கரப்பான் பூச்சி: ஒன்று. கடையை உடனே மூட உத்தரவு."

பிறகு தட்டைப் பார்த்தாள்.

"இங்க எத்தனைன்னு போடட்டும் சார்?"