மந்திரிக்காகக் காத்திருந்த குழாய்

கொச்சபம்பா நகரத்தின் இதயம் காலை பத்து மணிக்குத் துடிக்கத் தொடங்கும் என்று எங்கள் ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுத் திறப்பு விழா அழைப்பிதழில் பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

பொலிவிய அரசு இருக்கும் லா பாஸிலிருந்து கிளம்ப வேண்டிய மந்திரியின் விமானம் தாமதமானதால், இதயம் பன்னிரண்டு மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஆபரேஷன் மேஜையில் கிடந்த பிரிமித்திவாவின் இதயத்தை அப்படி ஒத்திவைக்க முடியவில்லை. அவள் நெஞ்சைத் திறந்தாகிவிட்டது.

திட்டம் எங்கள் இயக்குநர் டாக்டர் வால்டிவியெஸோ போட்டது. பத்துக்கு மந்திரி ரிப்பன் வெட்டுவார். கூடத்துக் கண்ணாடிப் பேழையைத் திறந்து குழாயை ஒப்படைப்பார். குழாய் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். டெலிவிஷன்காரர்கள் படம் பிடிப்பார்கள்.

ஆபரேஷனின்போது ரத்தத்தை இதயத்துக்குப் போகவிடாமல் வெளியே மெஷினுக்கு எடுத்துப்போகும் குழாய் அது. எங்களிடம் இருந்த பழையவை எல்லாம் பருமனானவை. பிரிமித்திவா சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள். மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தொப்பி மட்டும்தான் தெரியும். அவள் உடம்புக்குத் தோதான சிறிய அளவு புதிதாக வந்த சரக்கில்தான் இருந்தது.

வந்த சரக்கு கிடங்கில் பூட்டிக் கிடந்தது. சாவி மந்திரியோடுதான் வரும். ஒன்றே ஒன்று மட்டும், பிரிக்காத உறையோடு, பேழையில் சிவப்பு வெல்வெட் மேல் படுத்திருந்தது.

மந்திரி கை படாமல் எதையும் தொடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. புது ஆம்புலன்ஸ் ஒன்று மந்திரி போடும் மாலைக்காக மழைக்காலம் முழுக்க வாசலில் நின்றிருக்கிறது. நோயாளிகள் அதைத் தாண்டி டாக்ஸியில் வந்தார்கள்.

சர்ஜன் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் நிக்கோலாசா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

போகும்போது ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

எந்தப் புதுப் பொருளைத் திறந்தாலும் சாராயத்தின் முதல் சொட்டு பூமித்தாய்க்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். பேழையின் நாலு மூலையிலும் ஸ்பிரிட்டைச் சொட்டினாள். தட்டில் மந்திரி தலைக்கென்று வைத்திருந்த வண்ணக் காகிதத் துகளில் ஒரு பிடி அள்ளித் தூவினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், விழா தொடங்கிவிட்டது போலும் என்று தொப்பியைக் கழற்றினார். கண்ணாடி மூடியைத் தூக்க ஒரு கை கொடுத்ததும் அவர்தான்.

பூமித்தாய்க்குச் சேர வேண்டியது சேர்ந்தது. மந்திரிக்குச் சேர வேண்டியதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

வெறும் வெல்வெட்டை இயக்குநர் பார்த்தபோது விமானம் தரையிறங்கியிருந்தது.

தியேட்டர் வாசலுக்கு ஓடி வந்தார். பட்டு டையும் பளபளக்கும் ஷூவுமாக இருந்ததால், கிருமிக் காப்புக்காகத் தரையில் போட்ட சிவப்பு எல்லைக்கோட்டை அவரால் தாண்ட முடியவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கோலாசா நின்றாள்.

அரை மணி நேரத்துக்குக் கொடுத்தால் போதும், விழா முடிந்ததும் திரும்பத் தந்துவிடுவேன் என்றார் இயக்குநர்.

"அது பிரிமித்திவா நெஞ்சுக்குள்ள இருக்கு, டாக்டர். மந்திரிக்கு அவ்வளவு அவசரம்னா நீங்களே வந்து உருவிக்கிட்டுப் போங்க. டை பத்திரம்."

உப்புப் பாலைவனத்துச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கியடிப்பேன் என்றார். தன் அக்கா அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள், போய்ப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்றாள் நிக்கோலாசா. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல்தான் முடியும். அதுவரை இந்த நோயாளியை விட்டு நகர்வதாக இல்லை. அதற்குள் எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையில் கிழங்கு முளைவிட்டுவிடும் என்று மயங்குவதற்கு முன் பிரிமித்திவா சொல்லியிருந்தாளாம்.

சைரன் கேட்டது. பேண்டு வாத்தியம் தொடங்கியது.

இயக்குநர் வார்டுகள் பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது மேல்சட்டைக்குள் எதையோ அணைத்திருந்தார்.

மந்திரி கழுத்தில் மாலைகளோடும் தலையில் காகிதத் துகளோடும் வந்தார். ஷாம்பெயினைத் தரையில் ஊற்றினார். அய்யா தொட்டுப் பார்க்க வசதியாக உறையைப் பிரித்தே வைத்திருக்கிறோம் என்று மைக்கில் சொன்னார் இயக்குநர். நுனியில் உள்ள துளைகளைக் காட்டி, ஏழை மக்களின் களைத்த ரத்தம் இவற்றின் வழியாகத்தான் நுழையும் என்று விளக்கினார். 

மந்திரி குழாயை இரண்டு கையாலும் உயர்த்தினார். இது குழாயல்ல, தாய்நாட்டின் ரத்தநாளம் என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நுனியில் முத்தமிட்டார்.

போட்டோக்காரர் தவறவிட்டதால் இன்னொரு முறையும் முத்தமிட்டார்.

கைதட்டல் தியேட்டர்வரை கேட்டது. உள்ளே சர்ஜன் ரத்தநாளத்தை நெரித்திருந்த கவ்வியை எடுத்தார். பிரிமித்திவாவின் இதயம் ஒருமுறை உதறியது. சும்மா இருந்தது. இன்னொருமுறை உதறியது. பிறகு யாரையும் கேட்காமல் ஓடத் தொடங்கியது.

அங்கே யாரும் கைதட்டவில்லை. எல்லார் கையிலும் வேலை இருந்தது.

நிக்கோலாசாவுக்கு மாற்றல் உத்தரவு வரவில்லை. அதில் காரணம் என்று ஒன்றை எழுத வேண்டும். எழுதினால், வெல்வெட் மேல் தான் வைத்தது என்ன என்பதையும் இயக்குநர் எழுத வேண்டியிருக்கும்.

மந்திரி முத்தமிடும் படத்தைப் பெரிதாக்கி, பொன் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

அவர் கையில் இருப்பது ஆண்கள் வார்டின் எனிமா குழாய். புதியதும் அல்ல.